ஒரு வீட்டுக்கு எவ்வளவு மின்சாரம்

மார்ச் 4

வாத்தியாரம்மாவுக்கு,

நலம். போனில் பேசினால் மூன்றாவது நிமிடம் சண்டை வந்துவிடுகிறது, எழுதிப் போடுங்கள் என்று நீதான் சொன்னாய். எழுதுகிறேன். ஊரார் மொட்டைமாடிகளில் எல்லாம் ஏறி, எந்த வீட்டுக்கு வெயில் போதும், எந்த வீட்டுக்குக் காற்று போதும் என்று வாத்தியார் மார்க் போடுகிற மாதிரி மதிப்பீடு எழுதித் தருகிறாய். சொந்த வீட்டு மாடியை மட்டும் எட்டிப் பார்க்கவில்லை. ஆறு மாதம் என்று சொல்லிவிட்டுப் போன வேலை, வருகிற ஜூனோடு மூன்று வருடம்.

நம் மாடியில் சின்னதாக ஒரு காற்றாலை வைக்கலாம் என்றிருக்கிறேன். சாயங்காலம் துணி எடுக்கப் போனால் சட்டை கையை விட்டுப் பறக்கிறது. கூடவே சோலார் பலகையும் போட்டுவிட்டால் மின்சாரம் போகிற தொல்லை இருக்காது. நீயும் வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம். நேரில் வந்து பார்த்துச் சொல்.

பணிமனையில் உன்னை விசாரித்தார்கள். "எல்லா பஸ்ஸும் எப்ப வரும்னு சொல்றீங்க, வீட்டுக்காரம்மா எப்ப வருவாங்கன்னு கேட்டா மட்டும் முழிக்கிறீங்களே" என்று ஒரு டிரைவர் கிண்டல் செய்தார். நானும் சிரித்து வைத்தேன்.

வழி பார்த்திருக்கும்,
நேரக்காப்பாளன்

மார்ச் 15

அன்புள்ள உங்களுக்கு,

டிரைவர் மேல் கோபம் வரவில்லை. சிரித்து வைத்தீர்களே, அதில்தான் வந்தது.

இப்போது வர முடியாது, கையில் பதினொரு மாடிகள் இருக்கின்றன. காற்றுமானி ஒன்று அனுப்பியிருக்கிறேன். ஒரு மாதம் காலை, மதியம், மாலை மூன்று வேளையும் குறியுங்கள். சாயங்காலக் காற்றை நம்பிக் காற்றாலை வாங்கி ஏமாந்தவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். நகரத்துக் காற்று கட்டடங்களில் முட்டிச் சுழல்வது. சட்டையைப் பறக்க வைக்கும், அவ்வளவுதான். காற்றின் வேகம் பாதியானால் மின்சாரம் எட்டில் ஒரு பங்காகிவிடும்.

அதோடு, வீட்டில் ஓடுகிற சாதனங்களுக்கு ஒரு பட்டியல் வேண்டும், எது தினம் எவ்வளவு நேரம் என்று. ஒரு வருட மின்கட்டண ரசீதுகளும் வேண்டும். பட்டியலில் எல்லோரும் பொய் எழுதுவார்கள். நீங்கள் எழுத மாட்டீர்கள்.

எனக்கும் இங்கே ஒன்றும் கொண்டாட்டமில்லை. சனிக்கிழமை அறைக்குள் வந்தால் திங்கட்கிழமைவரை வாய் திறக்க ஆளில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான்

ஏப்ரல் 20

வாத்தியாரம்மாவுக்கு,

ஒரு மாதக் காற்றை அனுப்பியிருக்கிறேன். முழங்கால் வலியில் இரண்டு மதியம் மாடி ஏறவில்லை. அதை நிரப்பாமல் விட்டிருக்கிறேன். சராசரி நொடிக்கு இரண்டு மீட்டர்தான். காற்றும் உன்னைப் போலத்தான், கூப்பிட்டால் வருவதில்லை.

பட்டியல் இதோ: மின்விசிறி இரண்டு, எட்டு மணி நேரம். கூடத்து விளக்கு ஆறு மணி நேரம். மேசை விளக்கு மூன்று மணி நேரம். கணினி ஐந்து மணி நேரம். இஸ்திரிப் பெட்டி இருபது நிமிடம். வெந்நீர் இரண்டு வாளி. குளிர்சாதனப் பெட்டி நாள் முழுக்க. ரசீதுகளும் உள்ளே இருக்கின்றன.

இதற்கு எத்தனை பலகை வேண்டும் என்று சொல். எப்போது வருகிறாய் என்பதையும்.

நேரக்காப்பாளன்

மே 2

அன்புள்ள உங்களுக்கு,

உங்கள் பட்டியலைக் கூட்டினால் மாதம் நூற்றுப் பதினெட்டு யூனிட் வருகிறது. ரசீதுகளில் முப்பத்தாறுதான். மீட்டர் பழுது என்று முதலில் நினைத்தேன். பிறகு வரி வரியாகப் பார்த்தேன். மேசை விளக்கை நீங்கள் போட்டதே கிடையாது. இஸ்திரி போட்ட சட்டை உங்கள் மேல் ஏறியதே இல்லை. கணினி இங்கே என் எதிரில் இருக்கிறது. இரண்டாவது மின்விசிறி, இரண்டாவது வாளி, எல்லாம் நான். என்னைக் கழித்தேன்; அறுபத்து நான்கு. அப்போதும் இடித்தது. குளிர்சாதனப் பெட்டியைக் கழித்த பிறகுதான் முப்பத்தாறு வந்தது. அதை அணைத்தே வைத்திருக்கிறீர்கள். அந்த இடத்தில் அழுதுவிட்டேன்.

நாலு நாள் இரண்டு பேர் கணக்கிலேயே அறிக்கையை வைத்திருந்தேன். அனுப்பியிருந்தால் அது பொய்யாகியிருக்கும். நான் வரப்போவதில்லை. இந்தக் கடிதங்களில் பேசுகிற மனிதர் பதினாறு வருடம் அந்த வீட்டில் எங்கே இருந்தார்? இங்கே தனியாக இருக்கிறேன் என்றால் நாலு பேருக்குப் புரிகிறது. அங்கே உங்கள் பக்கத்தில் உட்கார்ந்தபடி தனியாக இருந்ததை யாரிடமும் சொல்ல முடியவில்லை. உங்களிடம்கூட.

அறிக்கை இணைத்திருக்கிறேன். காற்றாலை வேண்டாம். பலகை ஒன்று போதும். குளிர்சாதனப் பெட்டியைச் சேர்த்துத்தான் கணக்குப் போட்டிருக்கிறேன். தயவுசெய்து அதைப் போட்டுக்கொள்ளுங்கள்.

நான்

மே 30

வாத்தியாரம்மாவுக்கு,

நீ கேட்டதற்குப் பதில் எழுத மூன்று தாள் வீணாக்கினேன். எதிரில் நீ இருந்தபோது, எல்லாம் உனக்குத் தெரியும் என்றே இருந்துவிட்டேன். தப்பு என்னுடையது. காற்றுமானியைத் தனிப் பார்சலில் திருப்பி அனுப்பியிருக்கிறேன். குளிர்சாதனப் பெட்டி ஓடுகிறது. உள்ளே இப்போதைக்குத் தண்ணீர் பாட்டில்தான்.

நேற்று பலகை மாட்ட எலக்ட்ரீஷியன் வந்தார். வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஒண்ணு எப்படி சார் பத்தும்? வீட்டுல எத்தனை பேரு?" என்றார்.

"ஒருத்தர்தான்" என்றேன். மூன்று வருடத்தில் அதை நான் வாய் திறந்து சொன்னது அதுதான் முதல் தடவை.

உன் அறிக்கையைக் காட்டினேன். நின்றபடியே கடைசிவரை படித்தார். "ரொம்பச் சரியா எழுதியிருக்காங்க சார். யாரு இவங்க?"

"மதிப்பீடு பண்றவங்க" என்றேன்.

நேரக்காப்பாளன்