சீனியின் வயிறு

பேருவளை,
4.3.1987

அன்புள்ள மச்சானுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

சீனி தின்றதையெல்லாம் கக்குகிறது, எலும்பும் தோலுமாகிவிட்டது என்று பக்கத்து வீட்டு ஸுபைதா ராத்தா எழுதியிருக்கிறா. நீங்கள் ஏன் எழுதவில்லை? வாப்பாவுக்கு நோய் கடுமை என்று உங்கள் கடைக்கு வந்த டெலிபோனையும், நான் பதறுவேன் என்று இப்படித்தான் மறைத்தீர்கள். நான் இங்கு வந்து, மண் மூடிய கபுறைத்தான் பார்த்தேன். பூனை விஷயத்திலாவது உள்ளதை எழுதுங்கள்.

லரீபா

பதுளை,
15.3.1987

அன்புள்ள லரீபாவுக்கு, வஅலைக்கும் ஸலாம்.

இங்குள்ள மிருக டாக்டர் சீனியின் வயிற்றை அமுக்கிப் பார்த்து, குடலில் கட்டி போலத் தெரிகிறது என்று கண்டிக்கு ஸ்கேன் எடுக்க அனுப்பினார். முதல்நாள் இரவிலிருந்து வெறும் வயிறாக இருக்க வேண்டுமாம். நம் வீட்டிலிருந்து யாரைப் பசியோடு பயணம் அனுப்பியிருக்கிறோம்? ரயிலேறுமுன் கொஞ்சம் சூரை மீன் கொடுத்தேன். கண்டியில் ஸ்கேன் எடுக்கும் டாக்டரம்மா, "வயித்துல சாப்பாடும் காத்துமா இருக்கு, குடலே தெரியல. திரும்பக் கொண்டு வாங்க" என்று ஏசினா. படத்தில் கட்டி தெரியவில்லைதானே, கவலைப்படாதே.

மஹ்ரூப்

பேருவளை,
21.3.1987

மச்சானுக்கு,

மூடுபனியில் நமுனுகுலை தெரியாவிட்டால் மலையே இல்லையா? பட்டினியாகவே கொண்டு போங்கள். டாக்டரம்மா சொல்வதை அப்படியே எழுதுங்கள். உங்கள் ஆறுதல் எனக்கு வேண்டாம்.

லரீபா

பதுளை,
2.4.1987

அன்புள்ள லரீபாவுக்கு,

வழியெல்லாம் சீனி கத்தியது. நான் கொடுக்கவில்லை. டாக்டரம்மா வயிற்று மயிரை மழித்து, பசை தடவி, கருவியை வைத்துப் பார்த்தா. நல்ல குடலின் சுவர் அடுக்கடுக்காகத் தெரிகிறது, எனக்கும் காட்டினா. ஓரிடத்தில் அடுக்கே இல்லை, சுவர் தடித்துக் கிடக்கிறது. பக்கத்து நெறிக்கட்டிகளும் வீங்கியிருக்கின்றன. படத்தை மட்டும் வைத்து முடிவு சொல்ல மாட்டாவாம். ஊசியால் கொஞ்சம் எடுத்துப் பார்த்தா. புற்றுநோய்தான். மருந்துக் குளிசை கொடுத்தால் இரண்டு மாதம் இருக்கலாம், இல்லாமலும் போகலாம்.

இதை எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதிவிட்டேன். சீனி உன் தலையணையில்தான் படுக்கிறது.

மஹ்ரூப்

பேருவளை,
7.4.1987

அன்புள்ள மச்சானுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

கடிதம் கிடைத்தது. அழுதேன். ஆனாலும் சீனி உயிரோடு இருக்கும்போதே எனக்குத் தெரியவந்ததே, அல்ஹம்துலில்லாஹ்.

வியாழக்கிழமை ரயிலில் வருகிறேன். ஸ்டேஷனுக்கு வாருங்கள். சீனி கேட்டால் சூரை மீன் கொடுங்கள், இனி அதைப் பட்டினி போட வேண்டாம். நானும் பசியோடுதான் இறங்குவேன். சோறு ஆக்கி வையுங்கள்.

உங்கள் லரீபா