சேவியர் இடுப்பில் ஒரு உண்ணி

1998

பிப். 3, செவ்வாய்
காலையில் பனி. ஆனேக்கல் தாண்டி காட்டோரம் வலை கட்டினோம். தவிட்டுக்குருவி, கௌதாரி, ஒரு காட்டுக்கோழி. கோழி கண்ணைச் சுத்தி குட்டி உண்ணிகள், கடுகு மாதிரி. இடுக்கியால் எடுத்து, பறவைக்கு ஒரு குப்பி. ரத்தமும் எடுத்தாச்சு. உண்ணி கடிச்சா மனுஷனுக்கும் வர்ற குரங்குக் காய்ச்சல் வைரஸ் இருக்கான்னு லேப்ல பார்க்கணும்.

வேன்ல டாக்டர் சார்: "ஒரு பாசிட்டிவாவது வரணும்மா ஸ்டெல்லா. இல்லேன்னா ப்ராஜெக்ட்டை மார்ச்சோட மூடிடுவாங்க." மூடினா என் வேலையும் போகும். வர்ற வழியில் மாதா கோயிலுக்குள்ளே போய் ஒரு பாசிட்டிவ் கேட்டேன்.

லேப்ல ஹீட்டர் ரிப்பேர். பறவைகளைப் போட்டு வச்ச துணிப்பைகளைக் கொதிக்க வைக்காம விடக்கூடாது, உண்ணி ஒட்டியிருக்கும். கவர்ல இறுக்கிக் கட்டி ஆஸ்டின் டவுன் வீட்டுக்கே கொண்டு வந்துட்டேன். காலையில் வெந்நீர் போடணும்.

பிப். 4, புதன்
விடியக்காலை குழாயில் தண்ணி. நான் எழறதுக்குள்ளே சேவியர் எல்லாப் பையையும் பச்சைத்தண்ணில சோப்பு போட்டுக் கசக்கி, கொடியில் காயப் போட்டிருக்கார். "ஒரு நாள் விட்டு ஒரு நாள் வர்ற தண்ணி. நீ அசந்து தூங்கினே, பாவமா இருந்துச்சு." கல்யாணமான நாளா என் கைக்குட்டையைக்கூடத் துவைச்சதில்லை மனுஷன். துவைச்சார் பார், இதை. திட்ட வாய் வரலை. அவர் உடம்பு பூரா உண்ணி தேடினேன். ஒண்ணும் இல்லை.

பிப். 6, வெள்ளி
குளிச்சுட்டு வந்து, "இடுப்புல புதுசா ஒரு மச்சம், அதிர்ஷ்டமா பாரு"ங்கிறார். மச்சத்துக்குக் கால் இருந்தது.

எடுத்துக் குப்பியில் போட்டேன். பழகின வேலை. அப்புறம் அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். லேபிள்ல பறவை பேர் எழுதற இடத்தில் 'சேவியர்'. டாக்டர் சார் படிச்சுட்டு சிரிக்கலை. "பயபடபேடம்மா, பயப்படாதே. ஒரு வாரம் பத்து நாள் ஜுரம் வருதான்னு பாரு. வந்தா உடனே ஆஸ்பத்திரி." இதுக்குன்னு தனி மருந்து கிடையாதுன்னு அவரும் சொல்லலை, நானும் கேட்கலை.

பிப். 10, செவ்வாய்
தெர்மாமீட்டர் மூணு வேளை. மதியம் அவரோட ரேடியோ ரிப்பேர் கடைக்கே போய். "கஸ்டமர் முன்னாடி வாயைத் திறங்கிறியே, மானம் போகுது." கேஸ் சிலிண்டர் புக் பண்ணணும், மறந்தே போச்சு. மாதாகிட்ட, போன வாரம் கேட்டதை வாபஸ் வாங்கிட்டேன். ப்ராஜெக்ட் போனா போகட்டும்.

பிப். 13, வெள்ளி
சாயங்காலம் உடம்பு சூடு. நூறு. தலைவலி இருக்கான்னா இல்லைங்கிறார். நான் பயப்படுவேன்னு சொல்றாரோ என்னவோ. பயமாத்தான் இருக்கு.

பிப். 14, சனி
சூடு இறங்கிடுச்சு. மூக்கு ஒழுகுது. வெறும் ஜலதோஷம். புருஷன் மூக்கு ஒழுகி இவ்வளவு சந்தோஷப்பட்டவ நானாத்தான் இருப்பேன். ஆனா குரங்குக் காய்ச்சல் போய்ட்டுத் திரும்பியும் வரும். ரிசல்ட் வரட்டும்.

மார்ச் 12, வியாழன்
வெயில் ஏறிடுச்சு. உண்ணிகளை அரைச்சு லேப் எலிகளுக்கு ஏத்திப் பார்த்த ரிசல்ட் வந்தாச்சு. சார் முகம் தொங்கிப் போய்: "எல்லாம் நெகட்டிவ்மா."
"எல்லாமேவா சார்?"
"கோழி, கௌதாரி, உன் சேவியர், எல்லாமே. வேலை போகுது, சிரிக்கிறியேம்மா."
அடக்க முடியலை. கடைக்கு போன் போட்டேன்.
"உங்களுக்கு ஒண்ணும் இல்லையாம்."
"அப்போ ப்ராஜெக்ட்?"
"அதுவும் இல்லை."
கஸ்டமர் யாரையோ நாளைக்கு வரச் சொன்னார். அப்புறம், "தவக்காலம், மட்டன் கிடையாது. மீன் வாங்கி வைக்கிறேன். சீக்கிரம் வா."