பனியூரில் ஒரு கயிற்றுக் கட்டில்

மாப்ளே, மருந்துக்கடையில் கொடுத்த காலண்டரைப் பேத்தி நேற்றுச் சுவரில் மாட்டினாள். அதில் பனி மூடிய ஊர்ப் படம், பொழுது சாயும் நேரம். பார்த்ததும் உன்னோடு பேச வேண்டும் போலிருந்தது. எனக்குத்தான் எழுத்து வராதே. நான் சொல்லச் சொல்ல அவள் எழுதுகிறாள்.

பெரிய சண்டை முடிந்த வருஷம். கிறிஸ்துமஸ் குடிலுக்குப் பின்னால் கட்டப் படுதா வரையும் வேலை உன்னிடம் வந்தது. பங்குச் சாமியாரிடம் இருந்த சீமை வாழ்த்து அட்டைதான் மாதிரி; அதுவும் கறுப்பு மையில் அச்சடித்தது. பழைய வேட்டிகளைச் சேர்த்துத் தைத்து, புளியங்கொட்டைப் பசை பூசிக் காயவைத்தோம். நான் காவிக்கல்லை இழைத்துக் கொடுத்தேன். கூரைமேல் சுண்ணாம்பை அப்பிப் பனியாக்கினாய். நம் மேற்கு மலையையே எழுப்பி அதன் பின்னால் சூரியனை இறக்கினாய். அந்தப் பனியில் நீ காவியை லேசாகத் தடவியபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

கடைசியாக ஒரு வீட்டு வாசலில் கயிற்றுக் கட்டிலைப் போட்டு, ஓர் ஆளையும் படுக்க வைத்தாய். அங்கேதான் வம்பு வந்தது.

இத்தாலிப் பக்கம் சண்டைக்குப் போய்த் திரும்பியிருந்த பட்டாளத்து மாமா பார்த்துவிட்டுச் சிரித்தார். "ஏலே, பனியில வெளிய படுத்தா விடியுமுன்ன வெறச்சுப் போவான்லே. இது ஊரா, சுடுகாடா?"

கோயில் காரியம் பார்க்கும் உபதேசியார் முகம் சுருங்கிவிட்டது. "குடில்ல பொணத்தையா வைக்கிறது? அந்த ஆள அழிச்சிரு. இல்லாட்டி படுதாவே வேணாம்."

அந்த ஆளை அழிக்கச் சுண்ணாம்பில் தூரிகையைத் தோய்த்துவிடுவாயோ என்று பயந்தேன். நீ தணிவாகத்தான் சொன்னாய்: "அந்த வீட்டுல இப்பத்தான் பிள்ளை பெறந்திருக்குங்கய்யா. பெத்தவளுக்கு வீட்ட விட்டுட்டு ஆம்பளைக வெளியதான படுப்பாக?"

கோயில் கூட்ட வந்திருந்த பெண்கள் விளக்குமாற்றோடு திரும்பிப் பார்த்தார்கள். அவர்களில் மருத்துவச்சி ஆத்தா சத்தமாகச் சொன்னாள்: "கெடக்கட்டும்யா! பெத்தவ பட்ட பாட்டுக்கு இந்தக் குளிரு இவனுக்குக் காணாது."

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். பட்டாளத்து மாமா தாடையைச் சொறிந்தார். "சரி, படுக்கட்டும். ஆனா அங்கன ஒரு போர்வை பத்தாதுடா. இன்னொண்ணு போடு."

உபதேசியார் காவி இருந்த சிரட்டையைத் தானே எடுத்து உன்னிடம் நீட்டினார்.

அனுமந்தன்பட்டியிலிருந்தெல்லாம் ஆட்கள் பார்க்க வந்தார்கள். குழந்தை ஏசுவைக் கும்பிட்டுவிட்டு, அடுத்துக் கட்டிலைத்தான் பார்த்தார்கள். "வரைஞ்சது யாரு?" என்று கேட்டால் நீ தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வாய். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நான்தான் சொல்வேன்: "எங்க மாப்ள!"

எனக்கு மூத்தவள் பிறந்ததும் மார்கழிதான். வாசலில் கட்டில் போட்டுப் படுத்தேன்; குளிரில் பல் கிட்டியது. உள்ளே பிள்ளை சிணுங்கியது. நீ வரைந்த ஆள் தூங்கவில்லை மாப்ளே, அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. கண்ணை மூடிக்கொண்டு, காதை மட்டும் வீட்டுக்குள் வைத்துக் கிடக்கிறான். அவன் போர்வைக்குக் காவி இழைத்தவன் நான். அந்தப் பெருமை இன்னும் குறையவில்லை.