அக்காவின் ஆறு நிமிட நடை

ஒக்டோபர் 9, திங்கள்

விடியவே மழை. குடை ஒன்று, ஆட்கள் இரண்டு. வெள்ளவத்தையிலிருந்து பொரளைக்கு ஓட்டோ, வழியில் இரண்டு இடத்தில் ஆமி செக்கிங், இறங்கி அடையாள அட்டை காட்ட வேண்டும். ஏறி இறங்கவே அக்காவுக்கு இளைப்பு. நுரையீரல் இறுகிக்கொண்டு போகிற வருத்தம். மாறாதாம்.

அக்காவின் மகன் சுதன் கனடாவில். அகதியாகப் போனவன், இங்கே வர ஏலாது. அக்காவுக்கு விசா வந்துவிட்டது. பிளேனில் ஏறலாமா என்பதுதான் கேள்வி.

அதற்குத்தான் இன்றைய சோதனை. மெஷின் கிஷின் ஒன்றுமில்லை. நீளமான ஆஸ்பத்திரி விறாந்தை, இந்த முனை அந்த முனை என்று இரண்டு தொங்கலிலும் செம்மஞ்சள் கூம்பு, விரலில் ஒட்சிசன் அளக்க ஒரு கிளிப். ஆறு நிமிடம் நடக்க வேண்டும், அவ்வளவுதான். பிசியோ பிள்ளை பரீனா சொன்னது: "ஏலுமான அளவுக்கு வேகமா நடங்க அன்டி. இளைச்சா நிண்டுட்டு, பொறகு நடங்க. எக்ஸ்ரே படத்துல தெரியாதது நடையில தெரியும்."

எவ்வளவு கெட்டித்தனமான யோசனை! கண்டுபிடித்தவர் நல்லாயிருக்கட்டும்.

அக்கா ஊர்ந்தாள். அங்கால் தொங்கலுக்குக் கிட்டப் போகிற நேரமெல்லாம் நின்றாள். ரிசல்ட் மோசம். டொக்டர் யாழ்ப்பாணத்து ஆள், பக்குவமாகத்தான் சொன்னார். "இந்த நடைக்கு பிளேன் வேண்டாம் அம்மா. மகனை வரச் சொல்லேலாதோ? கனகாலம் தள்ளிப்போடாதேங்கோ."

அக்கா தலையாட்டினாள். திரும்பும்போது மார்க்கெட்டில் இறங்கிக் கத்தரிக்காய் பொறுக்கினாள்! வீட்டில் நாங்கள் இரண்டு பேர் மட்டுந்தான், அவள் காணாமல் நான் அழ இடமும் இல்லை.

ஒக்டோபர் 10, செவ்வாய்

மழை விட்டது. உடுப்புக் காயவில்லை. சீனி முடிந்தது.

கேட்டேவிட்டேன். "வீட்டிலை குசினிக்கும் பல்கனிக்கும் ஓடித் திரியிறியள். அங்கை மட்டும் ஏன் ஆமை மாதிரி?"

"எடி, அந்தத் தொங்கலிலை ஆமிக்காரன் இருந்தவனெல்லே. அவனை நோக்கி நான் வேகமாப் போறதோ, குண்டோடை வாறனெண்டு நினைக்கமாட்டானே? உனக்கென்ன விசரே?"

நின்றதும் இளைப்பில் இல்லையாம். ஒவ்வொரு முறையும் அடையாள அட்டையைக் காட்ட! அவன் கேட்கவே இல்லை. தகப்பனைக் கிளினிக்குக்குக் கூட்டி வந்த பெடியன், பாவம்.

விழுந்து விழுந்து சிரித்தேன். பிறகு சிரிப்பு வரவில்லை. நானும் அப்படித்தானே. யூனிபோர்மைக் கண்டால் நடை தானாகக் குறையும், கை பையைத் திறக்கும். இந்த ஊரில் பஸ் பிடிக்கக்கூட நாங்கள் ஓடுவதில்லை. விறாந்தையில் நின்று பார்க்காத டொக்டருக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?

பரீனாவுக்கு போன் எடுத்து எல்லாம் சொல்லி, இன்னொரு தரம் நடக்க வையுங்கோ என்று நின்றேன். "அல்லாஹ்வே! நான் பக்கத்துல நிண்டும் யோசிக்கல்லையே. திங்கக்கிழம கூட்டிட்டு வாங்க, திரும்ப எடுப்பம்."

ஒக்டோபர் 16, திங்கள்

நல்ல வெயில். அதே விறாந்தை. அதே பெடியன், அதே கதிரை, பக்கத்தில் இருமிக்கொண்டு தகப்பன்.

பரீனா அவனை அங்கிருந்து எழுப்பி அனுப்பப் போனாள். அக்கா விடவில்லை. "அந்தத் தகப்பன் மனுசனும் இளைச்சுக்கொண்டெல்லே இருக்குது. இருக்கட்டும்."

தானே அவனிடம் போனாள். எழுபது வயது, அரைகுறைச் சிங்களம். "மல்லி, மம இக்மணட எனவா. பய வென்ட எபா." தம்பி, நான் கெதியாய் வருவேன், பயப்படாதே என்று! யார் யாருக்குச் சொல்வது!

பெடியன் திகைத்தான். பிறகு சிரித்து, தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தான். "யன்ட அம்மே, யன்ட." போங்கோ அம்மா, போங்கோ.

அடையாள அட்டையை என்னிடம் தந்துவிட்டு, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு நடந்தாள். என்ன நடை அது! வாய் திறந்து, விலா எழும்பி எழும்பி விழ, அவன் முழங்கால் வரை போய்க் கூம்பைச் சுற்றித் திரும்பினாள். ஒரேயொரு தரம் சுவரைப் பிடித்தாள். அது மெய்யான இளைப்பு. தகப்பன்காரன் இருமலை அடக்கிக்கொண்டு கை தட்டினார். பெருமையில் எனக்கு அழுகை வந்து மூக்கும் ஒழுகியது.

டொக்டர் இரண்டு ரிசல்ட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "போகலாம். ஒட்சிசனோடை. ஆனா இப்பவே போகோணும். திரும்பி வாறதுக்கு இன்னொருக்கா பிளேன் ஏறுற மூச்சு இருக்குமெண்டு நான் சொல்லமாட்டன்."

"போறதுக்கு மூச்சிருந்தாக் காணும், டொக்டர்."

யோசிக்காமல் சொன்னாள். என் பக்கம் பார்க்கவில்லை. எனக்குக் கோபம் வரவேண்டும், வரவில்லை. இப்படி ஒருத்தியோடு இவ்வளவு காலம் இருந்திருக்கிறேன்.

ஒக்டோபர் 18, புதன்

புழுக்கம். கரண்ட் இல்லை. பால் திரைந்துவிட்டது.

காலி வீதியில் ட்ரவல்ஸ். பாஸ்போர்ட், டொக்டரின் கடிதம், எல்லாம் சரி. மேசையில் இருந்த பிள்ளை அக்காவைக் கேட்டது: "ரிட்டர்னோ அம்மா?"

டொக்டருக்கு அப்படி டக்கென்று பதில் சொன்னவள் மேசைக்குக் கீழே என் கையைப் பிடித்தாள். இன்னொரு தரம் நடக்க வையுங்கோ என்று ஒற்றைக்காலில் நின்றது நான்தானே.

"இல்லைப் பிள்ளை," என்றேன். "போறதுக்கு மட்டும்."