சகலை கையில் மூணு மா

புரட்டாசி 5, செவ்வாய்

காலையில தூத்தல். வாய்க்கால்ல தண்ணி முட்ட ஓடுது. விசா வந்துடுச்சு. மறுபடி துபாய், மறுபடி ட்ரெய்லர் ஓட்ட. நாற்பத்தேழு வயசுல மாப்பிள்ளை கணக்கா போட்டோ எடுத்துக் குடுத்தது வீண் போகல.

நம்ம வயல்ல நடவு. ஒரு ஏக்கர்தான், மூணு மா. அப்பா கூலிக்கு நின்ன வயல். துபாய் காசுல நான் வாங்கினது. பாக்கப் போனா வரப்புல கட்சிக் கரை வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு சகலை தனபால். என் வீட்டுக்காரி மல்லிகாவோட அக்கா புருசன். நான் அங்க கிடந்த வருசமெல்லாம் சாகுபடி அவன்தான். வெளையிறதுல ஆளுக்குப் பாதி.

நடவுப் பொம்பளைங்களுக்கு அவன்கிட்ட அப்படி ஒரு சிரிப்பு. என்னைப் பாத்து ஒருத்தி, "அண்ணே, தள்ளி நில்லுங்க, செருப்புல சேறு பட்டுடும்." என் வயல்ல, எனக்கு!

"படட்டும் தாயி, சேத்துக்கும் மொதலாளியை அடையாளம் தெரியணும்ல."

சிரிச்சாளுவ. தனபால் சொல்றதுக்குச் சிரிச்ச அளவு இல்ல.

மதியம் மல்லிகா: "அத்தான் கை பட்டா அது தனி வெளைச்சல்தாங்க." கத்திரிக்கா குழம்பு. உப்பு ஜாஸ்தி. சொல்லல.

வாங்கணும்: பெல்ட், தைலம், ஊறுகா, இட்லிப்பொடி.

புரட்டாசி 8, வெள்ளி

வெயில். துபாய் பேங்க் நம்பர்லேர்ந்து திரும்பவும் போன். எடுக்கல.

பழைய கம்பெனிய மூடினப்ப கிளம்பி வந்தவன். கிரெடிட் கார்டு கடன் அங்கயே கிடக்கு. வயலுக்குக் கடைசித் தவணை அந்தக் கார்டுல இழுத்ததுதான். வீட்டுல யாருக்கும் தெரியாது.

ஏஜெண்டு "ஒண்ணும் ஆவாது, போங்க"ங்கிறான். போகப் போறது நானு, தைரியம் அவனுக்கு.

நீடாமங்கலம் ரயில்வே கேட் சாத்திட்டான். பக்கத்து வண்டியில டேவிட், லீவுல வந்திருக்கான், அங்க கிரேன் ஓட்டுறவன். மெதுவா கேட்டேன், வேற யாருக்கோ கேக்குற மாதிரி.

"உள்ள விட்டாலும் விட்டுடுவான்ணே. கேஸ் போட்டிருந்தா வெளியதான் விட மாட்டான். கட்டி முடிக்கிற வரைக்கும் ஊரை மறந்துட வேண்டியதுதான்."

கேட் தொறந்துட்டான். வண்டிய எடுக்கல நான். பின்னாடி பஸ்காரன் ஹாரன்.

மக கவிதாவுக்குக் காலேஜ் அடுத்த வருசம் முடியுது. அப்புறம் கல்யாணம். நான் அங்க மாட்டிக்கிட்டா மணவறையில அப்பா எடத்துல யாரு உக்காருவா? தனபால். பட்டு வேட்டியில. அந்தாளுக்கு நல்லாவும் இருக்கும். அதான் வயித்தெரிச்சல்.

புரட்டாசி 11, திங்கள்

சாயங்காலம் தனபால் வந்தான். சட்டைப் பை புடைச்சுக்கிட்டு.

"சகல, கவி எல்லாத்தையும் சொல்லிச்சு."

நான் குளிக்கப் போனப்ப அந்த பேங்க் போனை அவ எடுத்திருக்கா. இங்கிலீஷ்ல பேசியிருக்கா. ரெண்டு மாசமா தெரியுமாம். பாதிய மொத்தமா கட்டினா மீதிய தள்ளிட்டு, கடன் தீந்துதுன்னு லெட்டர் தருவாங்களாம். பேசி முடிச்சிட்டு யாருகிட்ட சொல்லியிருக்கா? பெரியப்பாகிட்ட.

"கறவை மாடு ரெண்டையும் வித்துட்டேன். வச்சுக்குங்க. முடியறப்ப குடுங்க."

"கட்சிக்காரர் பையிலேர்ந்து காசு வெளிய வருது! துணியெல்லாம் எடுத்து உள்ள போடு மல்லிகா, மழை கொட்டப் போவுது."

அவனும் சிரிச்சான், நானும் சிரிச்சேன். கெட்டவனா இருந்தா நாலு வார்த்தை திட்டியாவது ஆத்திக்கலாம். அதுக்கும் வழி இல்லாம பண்றான் பாவி. காச வாங்கல. யோசிச்சுச் சொல்றேன்னுட்டேன்.

மல்லிகா ஒண்ணும் பேசல. பாத்திரம் பேசுச்சு.

கவிகிட்ட கேட்டேன், "ஏம்மா, என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலாம்ல?"

"உங்ககிட்ட கேட்டா ஜோக் அடிப்பீங்கப்பா."



புரட்டாசி 12, செவ்வாய்

காசு வேணும். அவன் தயவு வேணாம். அந்தக் காசுக்கு வயலைத் தனபாலுக்கே போக்கியத்துக்கு விடுறதுன்னு முடிவு. பணத்துக்கு வட்டி கிடையாது. நான் திருப்பிக் குடுக்கிற வரைக்கும் வயல் அவனுக்கு, வெளையிறது மொத்தமும் அவனுக்கு. நமக்கு ஒரு மணி நெல்லு வராது.

"நமக்குள்ள எதுக்கு சகல பத்திரம்?"

"எழுதாம குடுத்தீங்கன்னா நீங்க ரொம்ப நல்லவரா ஆயிடுவீங்க. அதுக்கு நான் விட மாட்டேன்."

தொடையத் தட்டிச் சிரிக்கிறான். ஜோக்குன்னு நெனச்சுட்டான்.

திருவாரூர் போய்ப் பத்திரம். கையெழுத்துப் போடுறப்ப கை ரெண்டு தடவ நின்னுச்சு. பேனா சரியில்லன்னேன். எழுத்தர் வேற பேனா குடுத்துட்டார்.

வர்றப்ப பஸ்ல மல்லிகா: "கடனை மறைச்சதுக்கு உங்களுக்குத் தனியா இருக்கு." அப்பாடா, பேசிட்டா.

ஐப்பசி 2

ராத்திரிலேர்ந்து மழை, விடல. டேவிட் அங்க திரும்பிப் போய்ப் பணத்தைக் கட்டிட்டான். லெட்டர் கவி போனுக்கு வந்துச்சு. தமிழ்ல சொல்லிப் படிச்சுக் காட்டினா. இன்னொரு தடவ படிக்கச் சொன்னேன். மூணாவது தடவயும். அவ கையப் புடிச்சுக்கிட்டு சும்மா உக்காந்திருந்தேன்.

"எதுனா சொல்லுங்கப்பா. நீங்க இப்படி இருந்தா பயமா இருக்கு."



ஐப்பசி 9, துபாய்

வேர்வை. லெட்டரை மேல் பாக்கெட்டுலயே வச்சிருந்தேன். ஏர்போர்ட் கவுண்டர்ல பாஸ்போர்ட்டைப் பாக்குறான், கம்ப்யூட்டரைப் பாக்குறான், என்னைப் பாக்குறான். இட்லிப்பொடி வாசனை வேற. குத்திட்டான் முத்திரை. கேள்வியே இல்ல.

கேம்ப் வாசல்ல டை கட்டின ஆளு ஒருத்தன், "கிரெடிட் கார்டு வேணுமா பாய்?"னு. தலைய குனிஞ்சுக்கிட்டு ஓட்டமா வந்துட்டேன்.

ரூம்ல ஆறு பேர். மேல் கட்டில். ஊருக்குப் போன் போட்டேன். கவிதான் எடுத்தா.

"இறங்கிட்டீங்களாப்பா? சாப்ட்டீங்களா? இங்க பெரியப்பா இருக்காங்க, குடுக்கட்டுமா?"

"டவர் இல்லம்மா"ன்னு வச்சுட்டேன்.

டவரெல்லாம் முழுசா இருக்கு.