மெல்பேணில அருந்ததி எழும்பாது

மச்சான், பாத்திட்டன்டா, அருந்ததியை என்ர ரெண்டு கண்ணாலயும் பாத்திட்டன்!

குயின்ஸ்லாந்தின்ர வடக்கில, ஒரு கரும்புத் தோட்டத்து வேலிக்குப் பக்கத்தில நிண்டு பாத்தனான். மூண்டு நாள் பஸ். நாங்கள் வானம் பாக்கிற குழாய்க்கெண்டு தேய்ச்ச கண்ணாடியை உன்ர சாரத்தால சுத்தி மடியில வைச்சுக்கொண்டு போனனான். சாரத்தை அவிழ்க்க, கண்ணாடி மினுக்கிற அந்தச் சிவப்புத் தூளின்ர மணம் வந்தது, துருவும் ஈர மண்ணும் கலந்த மாதிரி. இருட்டின கையோட, அடிவானத்துக்குக் கொஞ்சம் மேல அது நிண்டது. "டேய், ஓடி வா, வந்து பார்!" எண்டு கத்திப்போட்டன். கத்தின பிறகுதான் ஆரைக் கூப்பிட்டனான் எண்டு விளங்கினது. அப்பிடியே புல்லில இருந்திட்டன்.

மெல்பேணில, ஸ்பிரிங்வேல் வீட்டுக் குசினி மேசையைச் சுத்திச் சுத்தி நடந்து அந்தக் கண்ணாடியைத் தேய்ச்சம். நீ கார் ஃபாக்டரி, நான் பிஸ்கட் ஃபாக்டரி. படிப்பிச்சது லைப்ரரிப் புத்தகம் மட்டும். பூமிதான் நடு, எல்லாம் எங்களைத்தான் சுத்துது எண்டு உலகமே நம்பியிருந்த காலத்தில, அந்த இத்தாலிக்காரன் வியாழனைச் சுத்தி நாலு சந்திரன் ஓடுறதைக் கண்டதை நீ வாசிக்க, நான் கதிரையில ஏறி நிண்டு கை தட்டினனான். பிறகு அவன் குழாயை எங்கட அருந்ததிக்குப் பக்கத்தில நிக்கிற வசிட்டரிட்டத் திருப்பினவன். வசிட்டர் ஒராள் இல்லை, ரெண்டு! பூமி ஓடுறது உண்மையெண்டா, நாங்கள் நிண்டு பாக்கிற இடமும் மாறும், அந்த ரெண்டுக்கும் இடையில உள்ள இடைவெளி வருஷத்துக்குள்ள கூடிக் குறைய வேணும். அசையவே இல்லை.

"அப்ப பூமி ஓடேல்லையோ?" எண்டு கேட்டன்.

"ஓடுது. வானம் நாங்கள் நினைச்சதை விடப் பெரிசு, மச்சான். அதுதான் தெரியேல்லை."

புத்தகத்தின்ர கடைசியில, கிழவனாகிப் போன அந்த இத்தாலிக்காரனைப் பாதிரிமார் முழங்காலில நிக்க வைச்சு, பூமி ஓடேல்லை எண்டு சொல்ல வைச்ச இடம் வந்தது. நான் மேசையில அடிச்சு, "நானெண்டா எரிச்சாலும் சொல்லியிருக்க மாட்டன்!" எண்டன். நீ தேத்தண்ணியை ஊதிக்கொண்டு, "உன்னை இன்னும் ஒருத்தரும் முழங்காலில நிக்க வைக்கேல்லையே" எண்டாய்.

கலர் டிவி வந்த வருஷம் உனக்குக் கலியாணம். பள்ளிக்கூட ஹோலில பின்னேர முகூர்த்தம். அம்மிக்கு ஆரோ வீட்டு வளவுக்க கிடந்த சீமெந்துக் கல்லு. தாலி கட்டி முடிய, பொழுதுபட்ட நேரம், எல்லாரும் வெளியில வந்தம். அய்யர் வடக்கைக் காட்டி, "பொம்பிளைக்கு அருந்ததியைக் காட்டும் தம்பி" எண்டார். நீ கையைத் தூக்கேல்லை.

"சீமெந்துக் கல்லை அம்மியெண்டு மிதிச்சம், சரி அய்யா. அருந்ததி இஞ்ச தெற்கில எழும்பவே எழும்பாது. நிலத்துக்குக் கீழ கிடக்கு."

"மாப்பிள்ளை குழாய்க்குள்ளால பாத்துத்தான் பொம்பிளையும் எடுத்தவரோ?" எண்டு ஒரு அங்கிள் கேக்கச் சனம் சிரிச்சது. பொம்பிளையின்ர அப்பா சிரிக்கேல்லை. "என்ர பிள்ளைக்கு அருந்ததி இல்லையெண்டோ சொல்லுறீர்?" உன்ர மனிசி தலையைக் குனிஞ்சுகொண்டு நிண்டவ. அப்ப அவர் என்னட்டத் திரும்பினார். "தம்பி, நீரும் உந்த நட்சத்திரம் பாக்கிற ஆள்தானே. நீர் சொல்லும். தெரியுதோ?"

என்னை ஒருத்தரும் எரிக்க வரேல்லை. ஒரு மனிசன்ர கண் கலங்கினது, அவ்வளவுதான்.

"ஓம் அங்கிள், தெரியுது."

நீ என்னையே பாத்துக்கொண்டு, "எந்தப் பக்கம்?" எண்டு கேட்டாய். நான் பால் ஃபாக்டரிப் புகைபோக்கிக்கு மேல நிண்ட ஏதோ ஒரு வெள்ளியைக் காட்டினன். உடன எல்லாரும் "ஓம், ஓம், அந்தா!" எண்டிச்சினம். நீயும் விரலைத் தூக்கி, "அங்க" எண்டு அவவுக்குச் சொன்னாய். அதுக்குப் பிறகு நீ என்னோட சேர்ந்து வானம் பாக்கேல்லை.

எட்டு மாசம் போக, உனக்கு ரத்தத்தில வருத்தம் எண்டாங்கள். ஆஸ்பத்திரியில உன்ர கட்டிலைச் சுத்திச் சனம். மன்னிப்புக் கேக்கத்தான் வந்தனான், வாய் வரேல்லை. நீதான் கதைச்சாய்: "கண்ணாடியை ஈரத்தில வைச்சிடாத."

செத்தவீட்டில ஒரு அன்ரி, உன்ர மனிசிக்குக் கேக்கத்தக்கதா, "முகூர்த்தத்தில அருந்ததி இல்லையெண்டு சொன்ன வாய். பிறகு தாலி எப்பிடி நிக்கும்?" எண்டா. இப்ப எல்லாரும் அதைத்தான் சொல்லினம். அவ வெளியில வாறதே இல்லை. நான் போன நேரம், "அண்ணா, அவர் அண்டைக்கு அப்பிடிச் சொல்லாமல் விட்டிருந்தா இருந்திருப்பாரோ?" எண்டு கேட்டா. தேத்தண்ணியைக் குடிச்சிட்டு எழும்பி வந்திட்டன். அடுத்த கிழமைதான் பஸ் ஏறினனான்.

பஸ்ஸில வடக்க போகப் போக ஒவ்வொரு பின்னேரமும் இறங்கி நிண்டு பாத்தனான். முதல் நாள் இல்லை. ரெண்டாம் நாளும் இல்லை. மூண்டாம் நாள்தான் நிலத்துக்குக் கீழ இருந்து மேல வந்தது. நீ குசினி மேசையில பென்சிலால கீறிக் காட்டினது முழுக்கச் சரி. அதைச் சொல்ல எனக்கு நீ இல்லை. கண்ணாடி ஈரம் படாமல் என்ர கட்டில் தலைமாட்டில கிடக்கு.

எங்கட சங்கம் ரோனியோ மெஷினில அடிச்சு அனுப்புற தாளில இதை வாசிக்கிறவைக்கு ஒண்டு கேக்கிறன். அண்டைக்கு அந்தப் பள்ளிக்கூட வளவுக்க ஐம்பது பேர் நிண்டனாங்கள். அங்க இருந்தது வேற ஏதோ வெள்ளி. அவன் சொன்னது உண்மை, நான் சொன்னது பொய். உண்மை சொல்லி ஒருத்தரும் சாகிறேல்லை எண்டு அந்தப் பிள்ளைக்கு ஆராவது சொல்ல வேணும். நான் ஒராள் சொன்னா அவ நம்ப மாட்டா, முதல் பொய் சொன்னவன் நான்தானே. ஒவ்வொருத்தரும், அண்டைக்கு அருந்ததியைக் கண்டனீங்களோ இல்லையோ எண்டு, உங்கட கையெழுத்தில ஒரே ஒரு வரி எழுதி அனுப்புங்கோ, எல்லாத்தையும் சேர்த்து நானே கொண்டுபோய் அவவின்ர கையில குடுக்கிறன். முதல் வரியை நான் இதிலயே எழுதிவிடுறன்:

நான் காணேல்லை.