நகராத கட்டில்

மார்ச் 4, செவ்வாய்

என் தோழி மொசிடிக்கு நான் வடிவமைத்த படுக்கையறையைப் பத்திரிகைக்காரர்கள் வந்து படம் எடுத்தார்கள். என்னையும் கட்டிலில் உட்கார வைத்தார்கள். சுவரோடு சேர்த்துச் செங்கல்லில் கட்டிப் பூசிய கட்டில். அடியில் தூசி சேராது, கிறீச்சென்ற சத்தம் கிடையாது. எங்கள் வீட்டிலும் இதேதான். பள்ளிக்கூட நாளிலிருந்தே தூக்கம் வராத மொசிடி இப்போது படுத்ததும் தூங்கிவிடுகிறாளாம்.

அவள் புருஷனின் அத்தை மட்டும் கட்டிலைத் தட்டிப் பார்த்து, "நல்லாத்தான் இருக்கு. இதை எப்படிம்மா நகர்த்துவே?" என்றார்.

"நகர்த்தவே வேணாம் அத்தை. அதுக்குத்தானே கட்டினது!" என்றேன்.

எனக்கு ஒரே பெருமை.

மார்ச் 19

மொசிடியின் புருஷன் ஓலெபிலே போய்விட்டான். வேலைக்குக் கிளம்பியவன், வாசலிலேயே மாரடைப்பு.

மார்ச் 20

எழுதக் கூசுகிறது. எழுதிவிடுகிறேன்.

மொசிடியின் அறையைக் காலி செய்யப் பெண்கள் வந்தார்கள். கட்டிலை வெளியே எடுத்துவிட்டுத் தரையில் மெத்தை போட வேண்டும். அடக்கம் முடியும்வரை புருஷனை இழந்தவள் அதில்தான் இருக்க வேண்டும், பெண்கள் சுற்றி உட்கார வேண்டும். எங்கள் சொவேட்டோவில் எந்தக் குழந்தைக்கு இது தெரியாது? அப்பா போனபோது அம்மா அப்படித்தானே இருந்தாள், நான் அவள் காலடியில்தானே கிடந்தேன்! எப்படி மறந்தேன்? மறந்தேனா — இல்லை, அழகான அறைக்குள் சாவு வராது என்று நினைத்துவிட்டேனா?

மெத்தையைப் பிடித்தபடி அறை வாசலில் நின்றார்கள். கட்டில் போக மிச்சமிருந்த இடத்தில் ஒருத்தர் காலை நீட்ட முடியாது. யாரோ சம்மட்டி கொண்டுவந்தார்கள். "வேணாம். அவரு போன வீட்டுல இடிக்கிற சத்தம் கேக்க என்னால ஆகாது" என்றாள் மொசிடி.

அத்தை என் பக்கம் திரும்பினார். "நகர்த்தவே வேணாம்னியே, இப்ப இவளை எங்கடி உக்கார வைக்கிறது?"

கடைசியில் மெத்தையைச் சாமான் அறையில் போட்டார்கள். சூட்கேஸ்களுக்கும் இஸ்திரி மேசைக்கும் நடுவில். நான் சமையல்கட்டில் பூசணிக்காயை நறுக்கிக்கொண்டே இருந்தேன். அவள் முகத்தில் எப்படி முழிப்பேன்? ஐயோ, என்ன பண்ணி வெச்சிருக்கேன் நான்!

மார்ச் 26

பத்திரிகை வந்துவிட்டது. 'நிம்மதி தரும் அறை'. கட்டிலில் உட்கார்ந்து நான் இளிக்கிறேன். துக்க வீட்டில் அந்தப் பக்கம் கைமாறியது. ஒருத்தராவது திட்டியிருந்தால் தேவலை.

மார்ச் 29, சனி

அடக்கம். கூட்டத்தின் பின்னாலேயே நின்றேன்.

ஏப்ரல் 13

மன்னிப்புக் கேட்கப் போனேன். அவள் இன்னும் சாமான் அறையில்தான் படுக்கிறாள்.

"இங்கயா தூங்குறே?"

"தூக்கம் எங்க வருது? இங்க அழுகையாச்சும் வருது."

"என்னை மன்னிச்சிரு, மொசிடி."

"முதல்ல உக்காரு."

மெத்தையில் நகர்ந்து இடம் விட்டாள். நான் உட்கார்ந்ததும், "இப்ப சத்தம் கேட்டாப் பரவாயில்ல, இடிச்சிரு" என்றாள்.

ஏப்ரல் 17

கொத்தனாரை வைத்து இடித்தாயிற்று. கையோடு அவரை எங்கள் வீட்டுக்கும் கூட்டிவந்தேன்.

"நல்லாத்தானே இருக்கு? இதை ஏன் இடிக்கிறே?" என்றான் என் கணவன் ட்ஷேகோ.

"அறை அடைசலா இருக்கு."

"நீயே கட்டுவே, நீயே இடிப்பே, பைத்தியக்காரி" என்று சிரித்தபடி தலையணைகளை எடுத்துக்கொண்டு போனான்.

சாயங்காலம் தரையைக் கழுவிவிட்டேன். நடுவில் மெத்தை போடலாம். சுற்றிப் பெண்கள் உட்காரத் தாராளமாக இடம் இருக்கிறது. அவனிடம் அதைச் சொல்லவில்லை.